தராசுத் துண்டு ஏன் பிந்தியது: சம்மாந்துறை மில் சேர்வரில் மூன்று நாள்

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் நெல் மில் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் தெரியும். மாசி மாதத்தில் சம்மாந்துறைப் பக்கம் ட்ரக்டர் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக லொறித் தராசில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நெல்லோடு ஒரு நிறுவை, கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு இன்னொரு நிறுவை, ஈரப்பதம், விலை, கடைசியில் போடியாரின், அதாவது வயற்சொந்தக்காரரின், கையில் ஒரு துண்டு. அந்தத் துண்டு அச்சாகி வெளியே வராமல் அடுத்த ட்ரக்டர் தராசில் ஏற முடியாது.

இந்த மாசியில் ஒரு துண்டு வர நாற்பது, ஐம்பது விநாடி எடுத்தது. கல்லடியில் இருந்த எனக்கு மில் முதலாளி ஹாஜியார் கோல் எடுத்தார். “தம்பி, வெட்டுக் காலத்துல இந்தக் கொம்பியூட்டர் படுத்திட்டு. வாசல்ல இருந்து றோட்டு மட்டும் ட்ரக்டர் நிக்கிது. இண்டைக்கே வாங்க.”

அந்த மில்லின் கணினி வேலை முழுவதையும் ஒரே ஒரு பழைய சேர்வர்தான் சுமக்கிறது. அதில் புரொக்ஸ்மொக்ஸ் என்ற, ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருளைப் போட்டு, உள்ளே மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன, இனி வீ.எம். என்றே எழுதுகிறேன். முதலாவது வின்டோஸ்: தராசு மென்பொருளும் அதன் தரவுத்தளமும். இரண்டாவது லினக்ஸ்: சம்பளமும் கணக்கும். மூன்றாவதை யார், எதற்குப் போட்டார் என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க் நான்கு, டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் ஒரு றெய்ட் கார்டின் கீழ் றெய்ட் 5 ஆக, அதாவது ஒன்று செத்தாலும் தரவு போகாதபடி, கட்டப்பட்டவை. அமைத்தவர் வேறொருவர். போன வருடத்திலிருந்து பார்த்துக்கொள்வது நான்.

களுவாஞ்சிக்குடி, கல்முனை தாண்டி, காரைதீவுச் சந்தியில் திரும்பி மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. முதல் ஒரு மணித்தியாலத்தை வீணாக்கினேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் டிஸ்க் மெதுவாகும்போது பலர் முதலில் செய்வது இதைத்தான். லினக்ஸ் வீ.எம்.முக்குள் போய், ‘டிடி’ கட்டளையால் பூச்சியங்களாகவே ஒரு கோப்பை எழுதிப் பார்த்தேன். விநாடிக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் காட்டியது. சுழலும் டிஸ்க் நான்கிலிருந்து அந்த வேகம் வரவே வராது. எழுதியது டிஸ்க்குக்குப் போகவில்லை, வீ.எம்.மின் நினைவகத்திலேயே தங்கிவிட்டது. பிறகு பெரிய கோப்பு ஒன்றை வாசிக்க விட்டேன். விநாடிக்கு 300 மெகாபைட் அளவில் வந்தது. ‘டிஸ்க்கில் பிழையில்லை, மென்பொருள்தான்’ என்று மென்பொருள்காரருக்குக் கோல் எடுக்கப் போனேன்.

தராசு அறையில் துண்டு எழுதும் தங்கச்சிதான் என்னை நிறுத்தினார். “சேர், எல்லா நேரமும் ஒரு மாதிரி இல்ல. நான் எழுதி வச்சிருக்கன்” என்று தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஐந்து நாளுக்கு, வரி வரியாக, ட்ரக்டர் இலக்கமும் துண்டு வர எடுத்த விநாடியும். பச்சைப் பேனையால் எழுதிய அந்தப் பக்கம், அதுவரை நான் திரையில் பார்த்த எதையும் விடப் பெறுமதியானது. காலையில் கதவு திறந்த நேரத்திலிருந்து 45, 50, 48. பகலுக்குப் பிறகு 12, 11, 13. அவர் அதற்கு ஒரு நேர எல்லையும் வைத்திருந்தார்: “ளுஹர் பாங்கு சொல்ற நேரத்தோட கொஞ்சம் இலேசாகும் சேர்.”

ஆக, ‘ஸ்லோ’ என்று எல்லோரும் சொன்னது ஒரு நோயல்ல, இரண்டு. காலையில் மட்டும் வந்து நண்பகலோடு போகிற ஒன்று. நாள் முழுக்கக் கிடக்கிற ஒன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணித் தேடியிருந்தால் எதைத் திருத்தினாலும் பாதிதான் திருந்தியிருக்கும், ஏன் என்றும் விளங்கியிருக்காது.

காலை நோய் சீக்கிரம் பிடிபட்டது. புரொக்ஸ்மொக்ஸில் தினசரி பேக்கப் இரவு 02:00 மணிக்கு என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ஓடி முடிந்த வேலைகளின் பட்டியலில் அதே பேக்கப் 07:30க்குத் தொடங்கியதாக இருந்தது. அட்டவணை நேரத்தைச் சேர்வர் தன் கடிகாரப்படி எடுக்கும். முடிந்த வேலைகளின் நேரத்தை உலாவி நம் ஊர்க் கடிகாரப்படி காட்டும். சேர்வரின் நேர வலயத்தைப் பார்த்தேன். யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருந்தது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அதனால் அதன் இரவு இரண்டு மணி, நமக்குக் காலை ஏழரை. முதலாவது ட்ரக்டர் தராசில் ஏறுகிற அதே நேரம்.

பேக்கப் ஓடினால் வாசிப்பு மட்டும்தானே கூடும், எழுதுவது ஏன் இப்படி மந்தமாக வேண்டும் என்று கேட்கலாம். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வீ.எம். ஓடிக்கொண்டிருக்கும்போது பேக்கப் எடுத்தால், அது தொடங்கிய கணத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே சேமிக்க வேண்டும். ஆகவே இன்னும் சேமிக்கப்படாத ஒரு பகுதியை வீ.எம். மாற்றி எழுத வந்தால், அதை நிறுத்திவைத்து, பழைய பகுதியை முதலில் பேக்கப் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் புதியதை எழுத விடும். பேக்கப் போகிற பாதை மெதுவென்றால் வீ.எம்.மின் எழுத்தும் அந்த வேகத்துக்கு இறங்கும். 8.2 பதிப்பிலிருந்து அந்தப் பழைய பகுதியை உள்ளூரிலேயே ஒரு தற்காலிக இடத்தில் போட்டுவைக்க வசதி வந்திருக்கிறது. இந்தச் சேர்வர் அதற்கு முந்தியது.

இங்கே பாதையும் கெட்டிருந்தது. பேக்கப் போவது அடுத்த அறையில் இருக்கும் ஒரு சேமிப்புப் பெட்டிக்கு. அந்த வயரின் மறுமுனையில் சுவிட்ச் விளக்கு 100 மெகாபிட் நிறத்தில் எரிந்தது. ஒரு ஜிகாபிட் வர வேண்டிய வயர். முனையைக் கழற்றிப் பார்த்தால் எட்டுக் கம்பிகளில் நீலச் சோடியில் ஒன்று பச்சையாய்ப் பூத்துப்போய்க் கிடந்தது. உப்புக்காற்றும் தவிட்டுத் தூசும் சேர்ந்தால் செம்புக்கு அதுதான் கதி. 100 மெகாபிட் என்றால் விநாடிக்குப் பதினொரு, பன்னிரண்டு மெகாபைட்தான். 180 ஜிகாபைட்டை அந்த வழியால் அனுப்ப நாலு மணித்தியாலத்துக்கு மேல். ஏழரையோடு அதைக் கூட்டினால் ளுஹர் பாங்கு.

நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றினேன், முனையை வெட்டிப் புதிதாய்க் கிரிம்ப் அடித்தேன். அடுத்த நாள் காலை தங்கச்சியின் கொப்பியில் 12, 11, 12. வரிசை றோட்டிலிருந்து வளவுக்குள் வந்தது. ஹாஜியாருக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஒரு துண்டுக்கு 11 விநாடி என்பது இன்னும் பிழைதான்.

இப்போது ஹோஸ்ட்டிலேயே, அதாவது வீ.எம்.களைச் சுமக்கும் சேர்வரிலேயே, இருந்து, டிஸ்க்கின் வேலைப் பளுவைக் காட்டும் ‘ஐஓஸ்டாட்’ கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். வீ.எம்.முக்குள் நின்று பார்த்தால் காத்திருப்பது மட்டும் தெரியும். எதற்காகக் காத்திருக்கிறது என்பது வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும். விநாடிக்கு எழுதிய அளவு சில நூறு கிலோபைட்தான், ஒன்றுமேயில்லை. ஆனால் டிஸ்க் நூற்றுக்கு நூறு வேலையாக இருப்பதாகக் காட்டியது. ஒவ்வொரு எழுத்தும் சராசரி 100 மில்லி விநாடிக்கு மேல் காத்திருந்தது. மெகாபைட் கணக்கை மறந்துவிட்டுக் காத்திருப்புக் கணக்கைப் பார்க்க வேண்டிய இடம் இது. தரவுத்தளம் பெரிய மூடைகளைத் தூக்குவதில்லை. சிறிய சிறிய வரிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘டிஸ்க்கில் பதிந்ததா?’ என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கும்.

அந்தக் கேள்விக்கு எத்தனை தரம் பதில் வருகிறது என்று அளக்கப் புரொக்ஸ்மொக்ஸிலேயே ‘பிவிஈபெர்ஃப்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதன் ஒரு வரி, விநாடிக்கு எத்தனை எஃப்சிங்க், அதாவது அப்படி உறுதிசெய்த எழுத்து, என்று காட்டும். அதன் கையேடு 200க்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. பகலுணவு நேரத்தில், தராசு சும்மா இருக்கும்போது ஓட்டினேன்.

28.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தேன். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. ஊசி இடம் மாறி, தகடு சுற்றி வந்து, எழுதி முடிக்கும் வரை நின்று பதில் சொல்லும் டிஸ்க்கால் எப்படி ஓடினாலும் விநாடிக்கு 120ஐத் தாண்ட முடியாது. றெய்ட் 5இல் இன்னும் மோசம்: சிறிய ஒரு எழுத்துக்குப் பழைய தரவையும் பழைய சமநிலைக் கணக்கையும் (ஒரு டிஸ்க் செத்தால் தரவை மீட்க வைத்திருப்பது) வாசித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றுக்கு நாலு வேலை. அதனால் 28 என்ற எண் எனக்கு ஒன்றைச் சொல்லியது: இடையில் எந்த மறைப்பும் இல்லாமல் சுழலும் தகடே நேரே தெரிகிறது. றெய்ட் கார்டில் 512 மெகாபைட் கேஷ் இருக்கிறது. அது வேலை செய்தால், கார்ட் எழுத்தைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே ‘பதிந்தது’ என்று சொல்லியிருக்கும். எண் ஆயிரங்களில் வந்திருக்கும்.

ஒரு சரிபார்ப்பும் செய்தேன். வரிசை இல்லாத நேரத்தில் தங்கச்சியை ஒரேயொரு வெற்றுத் துண்டு போடச் சொல்லி, ஹோஸ்ட்டில் அந்த வீ.எம்.மின் டிஸ்க்குக்கு எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணினேன். 310 அளவில். மென்பொருள் ஒவ்வொரு சிறு வரியையும் தனித்தனியே உறுதிசெய்கிறது. 310ஐ 28ஆல் பிரித்தால் 11 விநாடி. கொப்பியிலும் 11. அதற்குப் பிறகு வேறு எதையும் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை.

றெய்ட் கார்டின் கட்டுப்பாட்டு மென்பொருள் அந்தச் சேர்வரில் நிறுவப்படவே இல்லை. நிறுவி, கார்டின் நிகழ்வுப் பதிவை வாசித்தேன். நவம்பர் 19, அதிகாலை: பேட்டரி செயலிழந்தது. அடுத்த வரி: எழுதும் முறை ரைட்பேக்கிலிருந்து ரைட்த்ரூவுக்கு மாற்றப்பட்டது. அவ்வளவுதான். ரைட்பேக் என்றால் கேஷில் வாங்கியதுமே ‘பதிந்தது’ என்பது; ரைட்த்ரூ என்றால் டிஸ்க்கில் பதிந்தபின்தான். கார்ட் செய்தது சரியான வேலை. மின்சாரம் போனால் கேஷில் இருப்பதைக் காப்பாற்றுவது அந்தப் பேட்டரி. அது செத்தபின் கேஷை நம்பி ‘பதிந்தது’ என்று சொல்வது பொய். அதனால் வேகத்தைக் கைவிட்டு உண்மையைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதைக் கேட்க ஆளில்லை.

நவம்பரில் கெட்டது பெப்ரவரி வரை ஏன் தெரியவில்லை என்று முதலில் குழம்பினேன். பிறகுதான் உறைத்தது: நவம்பரில் இங்கே விதைப்பு முடிந்த நேரம், மாரி மழை. மில்லுக்கு நெல் வருவதில்லை. நாளைக்கு ஐந்தாறு துண்டு. பத்து விநாடி யாருக்கும் பெரிதல்ல. வெட்டுத் தொடங்கித் தராசு நிறைந்தபோதுதான் அந்தப் பத்து விநாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன.

சேர்வரை நிறுத்தி மூடியைத் திறந்தேன். கார்டின் முதுகில் இருந்த பேட்டரி நடுவில் உப்பி, மேசையில் வைத்தால் வயிற்றில் நின்று ஆடியது. அந்த அறையில் ஏசி இரவில் நிறுத்தப்படும். லிதியம் பேட்டரிக்கு வெக்கைதான் எதிரி, இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி இருந்தது. பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்பேக்கில் ஓடு என்று கார்டைக் கட்டாயப்படுத்தலாம். ஒரு கட்டளை, இரண்டு விநாடி. புரொக்ஸ்மொக்ஸிலும் அதன் தம்பி ஒன்று உண்டு: வீ.எம். டிஸ்க்கின் கேஷ் முறையை ‘அன்சேஃப்’ என்று வைத்தால், ‘பதிந்ததா?’ என்ற கேள்வியையே காதில் போடாது. எண் உடனே பறக்கும். ஹாஜியாரிடம் இதை மறைக்கவில்லை. அவர் கேட்டார்: “ஒரு அமத்தல்ல சரி வருமெண்டா அமத்துங்களன் தம்பி. வெட்டு முடியட்டும், பிறகு பார்ப்பம்.”

நான் மறுத்தேன். அந்த வளவில் உமிதட்டும் மோட்டர் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்கும். யூபிஎஸ்ஸின் பேட்டரி எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களை எவரும் மறக்கவில்லை. கரண்ட் போனால் இழப்பது கடைசித் துண்டு மட்டுமென்றால் கையால் எழுதிச் சரிக்கட்டலாம். அப்படியல்ல. எதற்குப் பிறகு எது என்ற ஒழுங்கை நம்பித்தான் தரவுத்தளம் தன்னைத் தானே மீட்டெடுக்கிறது. இடையில் சில வரிகள் பதிந்து சில பதியாமல் போனால் முழுத் தரவுத்தளமும் திறக்காமலே போகலாம்.

ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். “அப்ப, கிளாக் எழுதிட்டன் எண்டு வாயால சொல்லிட்டு கொப்பியில எழுதாம வைக்கிற மாதிரி?”

“அதேதான் ஹாஜியார்.”

“போடியார்மாரின்ட காசுக் கணக்கு. வேணாம். என்ன செய்யணுமோ அதச் செய்யுங்க” என்று எழுந்து போனார்.

பழைய கார்டுக்குப் புதிய பேட்டரி தேடுவதில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. கிடைத்தாலும் கடையில் எத்தனை வருடம் கிடந்தது என்று தெரியாது. மின் இழப்புப் பாதுகாப்பு உள்ள சேர்வர் ரக எஸ்.எஸ்.டி. (சுழலும் தகடில்லாத டிஸ்க்) இரண்டை ஓடர் செய்தேன். அந்த ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைத்தான் பார்த்து வாங்க வேண்டும். அதற்குள் சிறு மின்தேக்கிகள் இருக்கும்; கரண்ட் போன கணத்தில் கையில் இருப்பதைப் பதிந்து முடிக்க அவை போதும். அதனால் அது உடனே ‘பதிந்தது’ என்று சொல்லலாம், சொல்வது உண்மையாகவும் இருக்கும். மடிக்கணினிக்கு வாங்கும் சாதாரண எஸ்.எஸ்.டி.யில் இது இருப்பதில்லை. பெட்டியில் போட்ட வேகத்தை நம்பி அதை வாங்கித் தரவுத்தளத்தின் அடியில் போட்டவர்கள் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.டி.கள் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. காத்திருந்த நாளில் சில சில்லறை வேலைகள். தராசு வீ.எம்.மில் ‘அப்டேட்டுக்கு முன்’ என்ற பெயரில் போன வருடத்து ஸ்னாப்ஷொட் ஒன்று, டிஸ்க்கின் அன்றைய நிலையைப் பிடித்துவைத்த பிரதி, கிடந்தது. அது இருக்கும் வரை, மாற்றி எழுதப்படும் பகுதிகளுக்கு முதல் தடவை கூடுதல் வேலை. அழித்தேன். பெயர் தெரியாத மூன்றாவது வீ.எம்.மை ஹாஜியாரிடம் கேட்டுவிட்டு நிறுத்தினேன். உள்ளே ஒரு பழைய வின்டோஸ், தானாக அப்டேட் தேடித் தேடி டிஸ்க்கைத் தின்றுகொண்டிருந்தது. பேக்கப் ஒன்றை வேறு கணினியில் மீட்டெடுத்துத் திறந்தும் பார்த்தேன். அது திறக்காமல் மேற்கொண்டு கை வைத்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் இரவு, மில் நின்றபின் வேலை. இரண்டு எஸ்.எஸ்.டி.யையும் றெய்ட் கார்டில் போடாமல் தாய்ப்பலகையின் சாட்டா முனைகளில் செருகி, ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் கண்ணாடியாக, அதாவது இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி, கட்டினேன். மொத்தம் 32 ஜிகாபைட் நினைவகம். ஸெட்எஃப்எஸ் தன் கேஷுக்கு அதில் பாதியை எடுத்துக்கொள்ளாதபடி 4 ஜிகாபைட்டோடு நிறுத்தினேன். பிறகு புரொக்ஸ்மொக்ஸின் டிஸ்க் இடமாற்றும் வசதியால் வீ.எம். டிஸ்க்குகளை நகர்த்தினேன். எஃப்சிங்க் எண்: 3400. தராசுத் துண்டு: 2 விநாடி.

3400க்கு 2 விநாடி கூடத்தான். மிச்சம் எங்கே போகிறது என்று பார்த்தால், தராசு வீ.எம்.மின் டிஸ்க் ஐடிஈ முறையில் இணைக்கப்பட்டிருந்தது. வீ.எம்.களுக்கென்றே செய்த வேகமான இணைப்பு முறை வேர்ட்ஐஓ; அதன் டிரைவர் வின்டோஸுக்குள் வருவதில்லை. அவசரத்தில் நிறுவுபவர் ஐடிஈயில் போட்டுவிட்டுப் போவார். அது 90களின் ஒரு வன்பொருளை அப்படியே நடிக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான். மாற்றுவது நல்லது, ஆனால் நேரே மாற்றினால் வின்டோஸ் தன் சொந்த டிஸ்க்கைக் காணாமல் நீலத் திரையோடு நிற்கும்.

இதற்கு நான் எப்போதும் செய்யும் வழி இது. முதலில் 1 ஜிகாபைட் வெற்று டிஸ்க் ஒன்றை மட்டும் வேர்ட்ஐஓ ஸ்கசியில் சேர்த்து, பழைய டிஸ்க்கை ஐடிஈயிலேயே விட்டு வின்டோஸை எழுப்ப வேண்டும். டிரைவர் ஐஎஸ்ஓவைச் செருகி டிரைவரை நிறுவ வேண்டும். டிஸ்க் முகாமைத்துவத்தில் அந்த 1 ஜிகாபைட் கண்ணில் படும்வரை அடுத்த படிக்குப் போகக்கூடாது. பட்டதும் நிறுத்தி, பிரதான டிஸ்க்கைக் கழற்றி, ஸ்கசியாகத் திரும்ப இணைத்து, ‘டிஸ்கார்ட்’ பெட்டியில் சரி போட்டு, பூட் வரிசையில் அதை முதலாவதாக வைக்க வேண்டும். கடைசியதைப் பலர் மறப்பார்கள். மறந்தால் பூட் ஆக ஒன்றுமில்லை என்று கறுப்புத் திரை வரும். தரவு எங்கும் போகவில்லை, வரிசைதான் பிழை. பயந்து மற்றதைக் கிண்டாமல் அதை மட்டும் திருத்தினால் போதும்.

இரவு ஒன்றரைக்கு வின்டோஸ் எழுந்தது. காலையில் தங்கச்சி முதல் துண்டைப் போட்டார். ஒரு விநாடிக்குள் சேமிப்பு முடிந்து, இப்போது பிந்துவது டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரின் தலை இடமும் வலமும் ஓடுகிற நேரம்தான். அவர் கொப்பியின் பக்கத்தை எனக்குக் கிழித்துத் தரச் சம்மதிக்கவில்லை; படம் எடுத்துக்கொண்டேன்.

பழைய நான்கு டிஸ்க்குகளும் இன்னும் அந்தக் கார்டில்தான் இருக்கின்றன, பேட்டரியில்லாமல், ரைட்த்ரூவில். அங்கே இப்போது பேக்கப்பின் இரண்டாம் பிரதி மட்டும். அதற்கு 28 போதும். டிஸ்க்கிலும் ஸெட்எஃப்எஸ்ஸிலும் பிழை வந்தால் என் கைபேசிக்கு அறிவிப்பு வரும்படி வைத்திருக்கிறேன். சேர்வர் மூடியின் உட்புறத்தில் ஒரு டேப் ஒட்டி, 28, 3400 என்று இரண்டு எண்ணும் தேதியும் எழுதினேன். சிறுபோக வெட்டுக்கு முன், ஆடி மாதத்தில் போய் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டி, கீழே மூன்றாவது எண்ணை எழுத வேண்டும்.